இருபது லிட்டர் சந்தனக் கலர்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெயிண்டர் தனபால் முட்டைக் குழம்புச் சோற்றைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அவர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மனைவி கோகிலவாணி பதறிப்போனாள்.

“ஏனுங்க, உப்பு கூடிப்போச்சுங்களா?”

“உப்பெல்லாம் சரியாத்தான் இருக்குது. இந்தக் கதிர்வேலுக்குத்தான் கொழுப்பு கூடிப்போச்சு. இதக் கேளு புள்ள!”

செல்போனை அவள் பக்கம் திருப்பினார். ‘மைதானக் குரல்’ என்கிற உள்ளூர் யூட்யூப் சேனல். கதிர்வேல் என்கிற இளைஞர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விளாசிக்கொண்டிருந்தார்.

“செங்கோடன் போயிட்டாருன்னு நாமக்கல் ரசிகர்கள் ஒப்பாரி வைக்கிறாங்க. அவரைச் சுவர், சுவர்னு சொல்றாங்க. நான் சொல்றேன், அது காரை பேந்த சுவர். கை வெச்சா உதிரும். இந்த ரசிகர்களுக்கு யாராவது இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துங்கப்பா.”

செங்கோடன் ஐந்து வருடமாக நாமக்கல் கால்பந்து அணியின் டிஃபெண்டர். அவர் நிற்கிற பக்கம் பந்து வரவே பயப்படும் என்பது தனபாலின் கட்சி. இரண்டு வாரத்துக்கு முன்னால் கிளப்காரர்கள் அவரைச் சூரமங்கலம் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு விங்கரையும் இரண்டு கோல் வலைகளையும் வாங்கிக்கொண்டார்கள். விங்கருக்கு முட்டி வலி. வலைகள் நன்றாக இருந்தன.

தனபால் சும்மா ரசிகர் இல்லை. முப்பத்திரண்டு உறுப்பினர்கள் கொண்ட ரசிகர் மன்றத்துக்குத் தலைவர். ஊரே தன்னைக் குருடன் என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். செங்கோடனைச் சொன்னால் பொறுக்கமாட்டார்.

கோகிலவாணி வீடியோவை முழுசாகக் கேட்டாள். ‘காரை பேந்த சுவர்’ என்ற இடத்தில் மட்டும் ஜன்னல் வழியாகத் தன் வீட்டு முன்சுவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தச் சுவர் பெயிண்டைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆயிற்று. தெருவில் எல்லோரும் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்து, போகி நாள் காப்புக்கட்டு அன்றைக்கு ஆவாரம்பூவும் வேப்பிலையும் செருகுவார்கள். தனபால் வீட்டில் உதிர்கிற காரைக்கு நடுவில் செருகுவார்கள். காரணம், அவருக்குத் தொழில் லாரி பட்டறையில். பொங்கலுக்குத்தான் எல்லா ஓனருக்கும் வண்டி புதுசாக மின்ன வேண்டும். “தை முடியட்டும் புள்ள” என்பார். தை முடியும். தகுதிச் சான்றுக்குப் போகிற எஃப்.சி. வண்டிகள் வந்து நிற்கும். அப்படியே அடுத்த மார்கழி வந்துவிடும்.

போன பொங்கலுக்கு ராசிபுரத்திலிருந்து கோகிலவாணியின் தங்கை உண்ணாமலை வந்திருந்தாள். சுவரில் சாய்ந்தவள் பட்டுச் சேலையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “அக்கா, மாமா பெயிண்டருன்னு வெளிய சொல்லிக்காதே.” கோகிலவாணிக்கு அது ஒரு வருடமாக நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பொங்கலுக்கும் உண்ணாமலை வருகிறாள்.

“பேசறது தப்புத்தானுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயந்திரம் மன்றத்தின் அவசரக் கூட்டம். தனபால் முழங்கினார். “அடுத்த ஞாயித்துக்கெழம சூரமங்கலம் டீம் இங்க ஆட வருது. செங்கோடனும் வாரான். கதிர்வேலும் கேமராவத் தூக்கிட்டு வருவான். அதுக்குள்ள அவனுக்கு மூணடி எழுத்துல நான் பதில் எழுதல, எனக்குத் தலைவர் பதவியே வேண்டாம்!” செயலாளர் சின்னுசாமி, முட்டை லாரி டிரைவர், இதை வீடியோ எடுத்து உடனே குரூப்பில் போட்டுவிட்டார். இனி பின்வாங்க வழியில்லை.

திங்கட்கிழமை பட்டறையில் புது பாடி கட்டிய லாரி ஒன்று நின்றது. தனபால் அதன் பின்பக்கத்தில் சிவப்பில் எழுதி, மஞ்சளில் நிழல் கொடுத்தார்: ‘செங்கோடன் சுவர்தான்! சந்தேகம் இருந்தால் முட்டிப் பார்!’ வண்டி வாரம் முழுக்கச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஓடும், மாவட்டமே படிக்கும் என்பது கணக்கு. வண்டி அன்று சாயந்திரமே லோடு ஏற்றிக்கொண்டு கவுகாத்திக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆந்திரா எல்லையிலிருந்து ஓனர் போன் செய்தார். “ஏனப்பா தனபாலு, வண்டிக்குப் பொறத்தால ‘முட்டிப் பார்’னு எழுதியிருக்கறயே, உனக்கு அறிவிருக்குதா? பின்னால வர்றவனெல்லாம் என்ன பண்ணுவான்?”

தனபால் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கோகிலவாணி டீ கொண்டுவந்து வைத்தாள்.

“ஏனுங்க, ஓடற வண்டியில எழுதுனா ஓடித்தானுங்க போகும். நம்மூட்டுச் சுவரு எங்கயும் போகாதுங்களே. கிரவுண்டுக்குப் போற ரோடும் இதுதானுங்க. அந்தக் கதிர்வேலு இப்பிடித்தான வந்தாகோணும்?”

தனபால் நிமிர்ந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் தன் மனைவி கால்பந்துக்காக யோசித்து அவர் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

“நீயும் மன்றத்துல சேந்துக்க புள்ள!”

“எனக்கெதுக்குங்க அதெல்லாம். ஒரே ஒரு சந்தேகமுங்க. சுவரு காரை பேந்து கெடக்குது. அதும்மேலயே ‘செங்கோடன் சுவர்தான்’னு எழுதுனா, அந்தாளு சொன்னத நீங்களே ஒத்துக்கிட்டாப்பல ஆகாதுங்களா?”

ஆகும்தான். தனபால் ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தார்.

“சொரண்டிப்போடலாம்” என்றார்.

“சொரண்டுனாப் போதுமுங்களா? ப்ரைமர் அடிக்காம எழுத மாட்டேன்னு நீங்கதான சொல்லுவீங்க.”

“எவன் சொன்னான் போதும்னு? பட்டி வெச்சு, உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் அடிச்சு, ரெண்டு கோட்டிங் குடுத்துத்தான் எழுத்து. முப்பது வருசத் தொழிலு இது!”

“அதுதானுங்க பாத்தேன். பெயிண்டு பரண்மேல இருக்குதுங்க. சந்தனக் கலரு. இருபது லிட்டரு.”

“எப்ப வாங்குன?”

“ஐப்பசியிலீங்க.”

ஒரு சுவருக்கு இருபது லிட்டர் எதற்கு என்று ஒரு பெயிண்டர் கேட்டிருக்க வேண்டும். ஐப்பசியில் வாங்கியது எதற்கு என்று ஒரு புருஷன் கேட்டிருக்க வேண்டும். தனபால் அன்றைக்கு இரண்டு பேராகவும் இல்லை. ரசிகராக மட்டும் இருந்தார்.

புதன்கிழமை மன்றமே சுரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியது. ஒருவர் “செங்கோடன்!” என்பார், மற்றவர்கள் “வாழ்க!” என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். பதினோரு வருடத்துக் காரை பத்தரை மணிக்குள் தரைக்கு வந்துவிட்டது. கோகிலவாணி எல்லோருக்கும் போண்டா சுட்டுப் போட்டாள். அப்புறம் சின்னுசாமியிடம் வந்தாள்.

“ஏனுங்க தம்பி, அந்தக் கதிர்வேலு கேமராவ இப்பிடித் திருப்புனா கெழக்குச் சுவரு தெரியாதுங்களா?”

சின்னுசாமி செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தெரிந்தது. வியாழக்கிழமை கிழக்குச் சுவர். கிழக்கை மட்டும் அடித்துவிட்டு மேற்கை விட்டால் ஊர் சிரிக்காதா? அன்று மத்தியானத்துக்கு மேல் மேற்குச் சுவர்.

“அந்தாளு டிரோனெல்லாம் வெச்சிருக்கறாருங்களாமா?” என்று கோகிலவாணி அடுத்துக் கேட்டாள்.

“ஆமாங்கக்கா, வெச்சிருக்கறான்.”

“அப்பப் பொறவடைச் சுவரும் தெரிஞ்சுபோகுமே சாமி.”

வெள்ளிக்கிழமை பின்சுவர். சனிக்கிழமை காலையில் கதிர்வேல் பேட்டி எடுக்க வீட்டுக்குள் வந்துவிட்டால் எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி எழுந்தது. கேட்டவள் கோகிலவாணி. கூடம் அடிக்கப்பட்டது. மொட்டை மாடிக்கு மட்டும் நேரம் போதவில்லை.

சனிக்கிழமை மூன்று மணி. சந்தனக் கலரில் வீடு பளபளவென்று நின்றது. முப்பத்திரண்டு பேரும் உடம்பெல்லாம் பெயிண்டோடு ரோட்டில் நின்று பார்த்தார்கள். தனபால் சாக்பீஸில் கோடு போட்டு, மூன்றடிக்கு அளவு எடுத்து, பிரஷ்ஷைச் சிவப்பில் தோய்த்தார். கை சுவருக்குப் போகிற நேரத்தில் கோகிலவாணி வந்தாள்.

“ஏனுங்க, செங்கோடன் பேரத்தான எழுதறீங்க. அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்களே.”

“அவன் நம்பரு யாருகிட்ட இருக்குது?”

“அவரு சம்சாரம் பிரவீனா எங்க ராசிபுரத்துப் புள்ளதானுங்க. இந்தாங்க, லைன்லயே இருக்கறாரு.”

ஸ்பீக்கரில் செங்கோடனின் குரல் வந்தது. “தலைவரே, வேண்டாமுங்க, எழுதிப்போடாதீங்க! என்னைய யாரும் தள்ளி உடலீங்க. நானேதான் கிளப்புல கெஞ்சிக் கேட்டு மாத்திக்கிட்டு வந்தேன். பிரவீனாவுக்குச் சூரமங்கலத்துல ரயில்வே ஆபீசு வேலைங்க. கைக்கொழந்தையப் பாத்துக்க ஆளில்ல. ‘அந்த ஊர்ப் பந்து ஓணுமா, இந்த ஊர்க் கொழந்த ஓணுமா’ன்னு கேட்டுப்போட்டாளுங்க.”

“அப்ப அந்தக் கதிர்வேலு பேசுனது?”

“அதுலயும் தப்பில்லீங்க. மூணு மாசமா பஸ்ஸுல வந்து போயி, கொழந்த அழுகையில தூக்கமே இல்லீங்க. நாமக்கல்லுல கடேசியா ஆடுன நாலு மேட்ச்சும் நின்னுக்கிட்டே தூங்குனேன். கிரவுண்டுல எவன் வந்தாலும் தடுத்துப்போடலாமுங்க தலைவரே. ஊட்டுக்குள்ள இருந்து வர்றத எப்பிடீங்க தடுக்கறது?”

போன் நின்றது. பிரஷ்ஷிலிருந்து சிவப்பு ஒரு சொட்டு தனபாலின் கால் விரலில் விழுந்தது.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“மாறிப் போன அன்னிக்கே பிரவீனா சொன்னாளுங்க.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா பட்டி வெச்சிருப்பீங்களா?”

தனபால் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் முப்பத்திரண்டு பேர் நிற்கிறார்கள். மூன்றடி எழுத்து என்று வீடியோவில் முழங்கியாகிவிட்டது. எழுதினால் செங்கோடனுக்குச் சங்கடம், எழுதாவிட்டால் பதவி போய்விடும். மெதுவாகக் கேட்டார்: “இப்ப நான் என்ன பண்றது புள்ள?”

“குடுத்த வாக்கக் காப்பாத்தோணுமுங்க. எழுதிப்போடுங்க. மூணடி எழுத்துலயே எழுதுங்க” என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

தனபால் எழுதினார். முப்பது வருடத் தொழிலில் அவ்வளவு அழகாக அவர் எழுதியதில்லை. சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல், ஓரத்தில் இரண்டு தாமரை. ‘சுவரில் எழுதாதீர்கள்.’ சின்னுசாமிக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனாலும் அவர்தான் முதலில் கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் நாமக்கல் தோற்றது. பூஜ்யத்துக்கு ஒன்று. பஸ் அலைச்சல் இல்லாமல் மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கிய செங்கோடன் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. கதிர்வேல் அன்று சாயந்திரமே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டார். “நான் சொன்னது தப்பு. செங்கோடன் சுவர்தான். நாமக்கல் ரசிகர்கள் சொன்னது சரி. அவங்க நாகரிகத்தையும் பாருங்க, திட்டி ஒரு வார்த்தைகூட எழுதாம எனக்கு எப்படிப் பதில் சொல்லியிருக்காங்கன்னு” என்று தனபால் வீட்டுச் சுவரைப் பத்து விநாடி காட்டினார். மன்றம் தனபாலைத் தோளில் தூக்கியது.

பொங்கலன்று உண்ணாமலை வந்தாள். சுவரில் கையை வைத்து அழுத்தினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

“மாமா, நீங்க பெயிண்டருன்னு இப்பத்தானுங்க நம்பறேன்.”

கோகிலவாணியின் முகத்தைத் தனபால் அப்போதுதான் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. இதைப் பதினோரு வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாமே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஏமாந்ததுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.

“ஏனுங்க, அந்தக் கதிர்வேலு மறுக்காவும் ஏதாச்சும் தப்பாப் பேசுவாருங்களா? மொட்டை மாடி பாக்கியிருக்குதுங்க.”