ரோமக்கோட்டும் ரோஸ் சிரப்பும்

"அண்ணே, முதுகுல இறங்குது லா!"

"அசையாதே ஜெயா! ரத்தம்னா இறங்கத்தான் செய்யும்."

நாகநாதன் ரோஸ் சிரப் பாட்டிலை இன்னும் கொஞ்சம் கவிழ்த்தான். டைப்பிஸ்ட் ஜெயலெட்சுமியின் தோளில் கிடந்ததை விலையுயர்ந்த ரோமக்கோட்டு என்று உலகம் நம்ப வேண்டும். உண்மையில் அது சௌரஸ்தா மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு சடைவைத்த குளியலறைக் கால்மிதிகள். தார் உருகும் பினாங்கு வெயிலில் ரோமக்கோட்டுக்கு அவன் எங்கே போவான்?

விலங்கு நேசர் சங்கத் தலைவி புஷ்பவள்ளி மேடம், ரோமக்கோட்டுக்கு எதிராக அவன் வரைந்த இரண்டு சுவரொட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாவதில் கோட்டுக்குத் தோல் தரும் மிங்க் விலங்கு, கீரிப்பிள்ளைபோல் இளித்துக்கொண்டிருந்தது. இரண்டாவதில் ரத்தக் குளம்.

"சம்பல் இறால் குழம்பு விளம்பரமா தம்பி?" என்றார் மேடம். "மிருகம் கிடக்கட்டும். கோட்டைப் போட்டிருக்கிற பொம்பளையைக் காட்டுங்க. பார்க்கிறவருக்கு ஈரக்குலை நடுங்கணும்."

விளம்பரக் கம்பெனி முதலாளி சந்திரசேகரன் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா, நீ ஜுரு ஊருக்குப் போய் பாக்டரி சுவருல விளம்பரம் எழுது. ஏணி நான் தர்றேன்."

நாகநாதனுக்கு ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றும்.

போலராய்டு கேமராவைத் தூக்கினான். மிச்சமிருந்தது ஒரே ஒரு படம்.

"சோகமாப் பாரு ஜெயா."

"அண்ணே, என்னமோ கடிக்குது."

எறும்பு! முதலாளி காலையில் தின்ற காயா ஜாம் ரொட்டிக்கு வந்த கூட்டம், சிரப் வாசனையில் வழிமாறி ஜெயலெட்சுமியின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. நாகநாதன் பாய்ந்துபோய் எறும்பு மருந்தை அடித்தான். எறும்பு நகரவில்லை, ஜெயலெட்சுமிதான் தும்மினாள், விடாமல்.

"காத்து வரட்டும், இரு!" என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தான்.

கால்மிதி மலிவு. உரோமம் கொத்துக்கொத்தாகப் பிய்ந்து பறந்து, சிரப் பட்ட இடமெல்லாம் ஒட்டியது. கன்னத்தில், மூக்கில், உதட்டில்.

"மூச்சு முட்டுது! கழட்டுங்கண்ணே!"

கழற்ற ஓடினான். காலில் மின்விசிறி வயர் தடுக்கியது. கையிலிருந்த கேமரா பளிச்சென்றது.

அதே நொடியில் கதவும் திறந்தது. புஷ்பவள்ளி மேடம், பின்னால் அவருடைய டிரைவர் அய்யாக்கண்ணு.

படம் மெல்லத் தெளிந்தது. கண் பிதுங்கி, முகமெல்லாம் மயிராக, தன் கோட்டிடமிருந்தே தப்பிக்க அலறும் ஒரு பெண். நாகநாதன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள்ளும் ஏணி தெரிந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சும் ஓசை. மேடம் அழுதுகொண்டிருந்தார்.

"இந்த மூஞ்சிதான் தம்பி! இதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்! சனிக்கிழமைக்குள்ள பெருசாப் போட்டுக் கொடுங்க."

"எத்தனை ஆயிரம், மேடம்?"

"ஒண்ணு."

"ஒரே ஒண்ணா? ஊர் பூரா ஒட்ட வேணாமா?"

"ஒண்ணு போதும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடம் படியிறங்கினார்.

ஏணி தப்பியது. ஆனாலும் நாகநாதனுக்குச் சந்தேகம் குடைந்தது. டிரைவரின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணே, அவ்வளவு பெரிய சங்கத்துக்கு ஒரே ஒரு சுவரொட்டியா?"

அய்யாக்கண்ணு படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சங்கமாவது ஒண்ணாவது தம்பி! இது ஐயா ஒருத்தர் கண்ணுக்குத்தான். சனிக்கிழமை அவங்க கல்யாண நாள் விருந்து. ஐயா ஆசையா லண்டன்ல வாங்கியாந்த ரோமக்கோட்டை அம்மா போட்டுக்கிட்டுத்தான் வரணும்னு நிக்கிறாரு. போன வருஷம் அந்தக் கோட்டு வெக்கையில சூப்பு வர்றதுக்குள்ளேயே அம்மா மயங்கி விழுந்துட்டாங்க!"