அப்பாவின் முட்டியும் ஒரு லத்தீன் சொல்லும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அனைவரும் நலம், அப்பாவின் வலது முட்டி நீங்கலாக. அங்கே அத்தானும் குட்டியும் நலம் என்று நானே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முட்டி ஆபரேஷனுக்கு அப்பாவைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு என்று போனில் சொன்னாய். தோற்றுவிட்டேன்.

டாக்டர் முட்டியில் கை வைத்து மடக்கி நீட்டினார். சடசடத்தது. சீட்டில் 'கிரெபிடஸ்' என்று எழுதினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "மொழியியல் படிச்சவன்தானே, அர்த்தம் சொல்லு." கேட்க ஒரு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் நானும், அது லத்தீன், கதவு கிறீச்சிட்டாலும் குளிரில் பல் அடித்துக்கொண்டாலும் அவர்களுக்கு அந்தச் சொல்தான், பிறகு மருத்துவர்கள் அதை மூட்டுக்கும் முறிந்த எலும்புக்கும் சளி கட்டிய நுரையீரலுக்கும் எடுத்துக்கொண்டார்கள், அந்தக் காலத்தில் வயிற்றுக்காற்று சத்தமாகப் பிரிந்தாலும் அதேதான் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போக, அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தண்ணீருக்கு ஓடி, திரும்பி வருவதற்குள் அப்பா தீர்ப்பே எழுதிவிட்டார்.

"ஆக, 'சடசடங்குது டாக்டர்'னு நான் சொன்னதை லத்தீன்ல எனக்கே திருப்பிச் சொல்லியிருக்காரு. சத்தம் போடுற வண்டி ஓடும்டா. போய் வேலையப் பாரு."

பஸ் மெக்கானிக்கிடம் வேறென்ன பேச?

ஆனால் படியேறும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறார். பார்த்தேன்.

போன வாரம் வலிக்கு ஊசி போட்டார்கள். வலியோடு முட்டியின் சடசடப்பும் அடங்கிவிட்டது. அம்மாவின் பார்வை இப்போது வெறும் நிழலளவு. மாலையில் அவள் காலி நாற்காலியைப் பார்த்து, "கொஞ்சம் சாப்பிட்டாத்தான் என்ன? இளைச்சுட்டே போறீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்பா கதவருகே நின்றிருந்தார். பூனைபோல் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "ம்" என்றார்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "முட்டி மாத்திட்டா சத்தமே வராதாமே. நான் எங்க இருக்கேன்னு அவளுக்கு எப்படிடா தெரியும்?"

ஆகவே அக்கா, இனி அவரை வற்புறுத்தாதே. வலிக்கட்டும் என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும்.

அத்தானுக்கு என் வணக்கம். குட்டியின் இரண்டு கன்னத்துக்கும் சமமாக முத்தம்.

உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்முன் அம்மா படித்துக்காட்டச் சொன்னாள். கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்தாள். உடனே கோபம். "நான் முட்டியோடவா குடித்தனம் பண்றேன்? ஆபரேஷனுக்குத் தேதி வாங்கு. வந்தா, 'நான்தான்'னு வாயத் தொறந்து சொல்லட்டும். ஊரெல்லாம் பேசுற மனுஷன், என்கிட்ட மட்டும் ஒரு 'ம்'மோட சரி." மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, அக்கா. லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வா.

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல், புது மாப்பிள்ளைக் கூச்சத்தோடு: "நான்தான்."

"தெரியுது. வாங்க" என்கிறாள் அம்மா.