ரங்காத்தாளுக்குக் குரல் ஓய்வு

"அக்கா, வாயே தெறக்கக் கூடாதுன்னு சொன்னனுங்களா இல்லீங்களா?"

"நான் எங்க கண்ணு தெறந்தேன்?" என்றாள் ரங்காத்தாள். தகரத்தில் ஆணியைத் தேய்த்தது போலிருந்தது குரல். "வர்ற வழியில கண்டக்டரு ஸ்டாப்பிங்குல நிறுத்தாமப் போனான். அவங்கூட ரெண்டு வார்த்த. கீழ ஆஸ்பத்திரி வாட்ச்மேன் எங்க போறீங்கன்னு கேட்டான். அவங்கூட ரெண்டு வார்த்த. இதெல்லாம் பேச்சுல சேருமா?"

சனோபர் கண்களை இறுக மூடித் திறந்தாள். பேச வராதவர்களைப் பேச வைப்பதுதான் ஸ்பீச் தெரபி என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் படிப்பில் முதுநிலை கடைசி வருடம் படிக்கும் சனோபருக்கு வாய்த்ததோ, பேசுகிற வாயை மூட வைக்கிற கேஸ்.

ரங்காத்தாள் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். காலையில் மிஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே அவள் குரல் ஓட ஆரம்பித்துவிடும். வருடக்கணக்காகக் கத்திக் கத்தி, தொண்டைக்குள் குரல்நாணில் காய்ப்புக் காய்த்துவிட்டது. கையில் மண்வெட்டி பிடித்தால் காய்க்குமே, அந்த மாதிரி. காரணம் மிஷின் சத்தம் என்று கேஸ் ஷீட்டில் எழுதி, ஒரு வாரம் முழு ஓய்வு, அப்புறம் பயிற்சி என்று சனோபர் திட்டம் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் முன்னால் இந்த கேஸை விளக்கி, ரங்காத்தாளின் குரல் தேறியிருப்பதைக் காட்ட வேண்டும்.

"காட்டலைன்னா?" என்று சனோபர் கேட்டதற்கு, அவளுக்கு வழிகாட்டும் சித்ரகலா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னொரு ஆறு மாசம் எங்களோட இருக்கலாம்மா. எங்களுக்குச் சந்தோசந்தான்" என்று சொல்லியிருந்தார்.

மேடத்துக்குச் சந்தோசமாக இருக்கலாம். சனோபரின் அத்தா சேக் தாவூதுக்கு இருக்காது. லேபிள் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் மகளின் பெயரையும் படிப்பையும் சேர்த்துப் பட்டு நூலில் லேபிளாகவே நெய்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். சட்டைக் காலரில் தைத்துக்கொண்டு திரிகிற சித்தப்பாகூட ஒருவர் உண்டு.

"அக்கா, என் படிப்பே உங்க வாயிலதானுங்க இருக்குது" என்று சனோபர் கெஞ்சினாள்.

ரங்காத்தாளுக்கு மனசு இளகிவிட்டது. "அடி என் தங்கமே! இனி ஒரு வார்த்த பேசுனா என்னன்னு கேளு. பேசவே மாட்டேன். எங்க ஊட்டுக்காரருகிட்டக்கூடப் பேச மாட்டேன். அந்த மனுசன் சந்தோசப்படட்டும். அதுமட்டுமில்ல கண்ணு..."

"அக்கா!"

ரங்காத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, மறுநாள் அவள் நிஜமாகவே பேசவில்லை. சனோபர் வாங்கிக் கொடுத்த சிலேட்டில் எழுதிக் காட்டினாள். ஆனால் லைனில் தைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒடிசா, பீகார். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. சரி, எழுத்துத்தானே வராது, படம் புரியுமே என்று சனோபர் போனில் யோசனை சொன்னாள். ரங்காத்தாளும் டீசர்ட் படம் வரைந்து தூக்கிக் காட்டினாள். அவளுக்கு ஓவியம் அவ்வளவாகக் கைவராது. சாயங்காலம் செக்கிங்குக்கு வந்த பீஸ்களைப் பார்த்தால், படத்தில் இருந்தபடியே ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

முதலாளி லிங்கசாமி போன் செய்தார். மரியாதை குறையாமல்தான் திட்டினார்.

"ஏனுங்க டாக்டரம்மா, நல்லாருக்கீங்களா? சாப்டீங்களா? இங்க ஒரு ஷிப்மென்ட்டே நாசமாப் போச்சுங்க."

"நான் டாக்டர் இல்லீங்க. நாளைக்கு வேற ஏற்பாடு பண்ணிடலாமுங்க."

வேற ஏற்பாடு என்பது ஒரு விசில். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் ஊதுகிற விசில். யாராவது தப்பாகத் தைத்தால் ஒரு ஊது ஊதிக் கையைக் காட்டினால் போதும், தொண்டைக்கு வேலையில்லை. சனோபருக்குத் தன் மூளையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கம்பெனியில் விசில் ஊதினால் டீ டைம் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

ரங்காத்தாள் ஊதினாள். மொத்த லைனும் மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனது. திரும்பி வரச் சொல்லி ஆத்திரத்தில் மறுபடி ஊதினாள். மாடியிலிருந்த அயர்ன் செக்சனும் கட்டிங் செக்சனும் இறங்கி வந்தன. டீக்கடைக்காரர் மட்டும் அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

"டாக்டரம்மா," என்றார் லிங்கசாமி போனில், "ஒண்ணு அந்தம்மாவக் கத்த உடுங்க. இல்லாட்டி நீங்களே வந்து கத்துங்க. சாப்டீங்களா?"

கோபத்தில் அவர் சொன்னதைச் சனோபர் யோசனையாக எடுத்துக்கொண்டாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டாள். லைனின் வலப்பக்கம் ரங்காத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இடப்பக்கம் சனோபர் நின்று ஆரம்பித்தாள்.

"அண்ணா, கொஞ்சம் வெரசாத் தச்சுக் குடுத்துடறீங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க."

யாரும் நிமிரவில்லை. ரங்காத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். தன் வயிற்றைத் தொட்டு, அங்கிருந்து கையை மேலே வீசிக் காட்டினாள். அடிவயிற்றிலிருந்து எடு என்று அர்த்தம். அப்புறம் முகத்தைக் கடுவன் பூனை மாதிரி வைத்துக் காட்டினாள். அப்படி வைத்துக்கொள் என்று அர்த்தம்.

சனோபர் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"ஏனுங்கண்ணா! கையில என்ன மருதாணியா வெச்சிருக்கீங்க? நகருது பாரு பீஸு, கல்யாண ஊர்வலமாட்ட!"

மொத்த லைனும் வெடுக்கென்று நிமிர்ந்தது. ரங்காத்தாள் ஆனந்தத்தில் சத்தமில்லாமல் கை தட்டினாள்.

அடடா, அந்த ருசி இருக்கிறதே! வீட்டில் அம்மாவிடம்கூடக் குரல் உயர்த்திப் பேசாத பெண் சனோபர். இங்கே ஒரு கத்தலுக்கு ஒரு கூடமே திரும்பியது. ஆனால் மறுநாள் அதே சத்தம் போதவில்லை. கூப்பிட்டால் ஒருவரும் திரும்பவில்லை. இன்னும் கூட்டினாள். அதற்கு அடுத்த நாள் அதுவும் போதவில்லை. அதற்கும் மேலே கூட்டினாள். பீஸ் தவறாமல் போனது, லிங்கசாமி போனில் சாப்டீங்களா என்று மட்டும் கேட்டார், ரங்காத்தாளின் தொண்டைக்கு முழு ஓய்வு. திட்டம் இவ்வளவு அழகாக நடக்கும் என்று சனோபரே எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து, "அம்மா, டீ" என்றாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

தேர்வாளர் இளங்குமரன் சிரிக்கத் தெரியாதவர் என்று மாணவர்களிடையே பேச்சு. அறைக்குள் வந்து உட்கார்ந்தார். எதிரே இரண்டு பேர். ஒருத்தி கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, வாயசைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கணீரென்று வணக்கம் சொன்னாள்.

"வணக்கமுங்க சார். குரல்நாணுல காய்ப்புங்க. கத்தறதால வர்றதுங்க. ஒரு வாரம் பேசாம இருந்து, தண்ணி நெறையாக் குடிச்சு, அடிவயித்துல இருந்து மூச்செடுத்துப் பழகுனாச் சரியாப் போயிருமுங்க."

"வெரி குட்," என்றார் இளங்குமரன். "விளக்கம் தெளிவா இருக்கு. பேஷண்டுக்குத்தான் இன்னும் ஒண்ணுமே தேறலையே. அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு வாரம் ஓய்வு குடுங்க."

"சார்," என்றார் சித்ரகலா மேடம் தர்மசங்கடமாக, "அந்தப் பொண்ணுதான் ஸ்டூடண்ட்."

இளங்குமரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரங்காத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், எனக்காகக் கத்தித்தானுங்க இந்தப் புள்ளைக்குத் தொண்ட போச்சு. எந்தப் படிப்புலீங்க இப்பிடிச் செய்வாங்க? ஃபெயிலுகியில்னு சொல்லிப்போடாதீங்க சாமி."

"குரல் தேறியிருக்கு, ஒத்துக்கறேன்," என்றார் இளங்குமரன். "ஆனா காரணம் மிஷின் சத்தம்னு எழுதியிருக்காங்களே, அதான் இடிக்குது. தையல் மிஷின் சத்தத்துக்கா ஒரு மனுஷி இவ்வளவு கத்துவாங்க? காரணம் தப்பா இருந்தா மறுபடியும் வந்துடும். அப்ப இது சிகிச்சையே இல்ல. நான் அந்த இடத்தைப் பாக்கணும்."

மேடம் உட்பட நாலு பேரும் அவர் காரிலேயே கிளம்பினார்கள். கம்பெனிக்குப் போகிற வழியெல்லாம் அத்தா நெய்த லேபிள்கள் சனோபரின் கண்முன் வந்தன. அத்தனை காலரிலிருந்தும் எப்படிப் பிரித்தெடுப்பது?

கம்பெனி வாசலிலேயே லிங்கசாமி வரவேற்றார். "வாங்க, வாங்க, சாப்டீங்களா?" உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இளங்குமரன் நடுவில் நின்று காதைத் தீட்டிக் கேட்டார். முகம் சுருங்கியது. "ம்ஹூம். பக்கத்துல நின்னாப் பேசலாம் போல இருக்கே," என்று சொன்னார். சனோபர் ரங்காத்தாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இளங்குமரன் ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்த ஒடிசாக்காரர் பிகாஷின் பின்னால் போய், "தம்பி!" என்றார். பதிலில்லை. "தம்பி!" என்று உரக்கக் கூப்பிட்டார். ம்ஹூம். குனிந்து பார்த்தார். பிகாஷின் இரண்டு காதிலும் வேஸ்ட் துணியை உருட்டி அடைத்திருந்தது. பக்கத்து மிஷினைப் பார்த்தார். அங்கேயும் துணி. வரிசை முழுக்க ஒரு காது பாக்கியில்லை.

இளங்குமரனின் முகம் மலர்ந்தது. அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதைச் சித்ரகலா மேடம் அன்றுதான் பார்த்தார்.

"அடேங்கப்பா! வேலை செய்யறவங்களே காதை அடைச்சுக்கற அளவுக்குச் சத்தம்! அஞ்சு நிமிஷம் நிக்கற எனக்கு எப்படித் தெரியும்? மேடம், உங்க ஸ்டூடண்ட் நேர்ல வந்து நின்னு, தொண்டையைக் குடுத்துக் கண்டுபிடிச்சிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்? பாஸ்!"

ரங்காத்தாள் சனோபரைக் கட்டிக்கொண்டு கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். சந்தோசத்தில் கத்தப் போனவளின் வாயைச் சித்ரகலா மேடம் சட்டென்று பொத்தினார். லிங்கசாமி எல்லோருக்கும் டீ சொல்லி, விசிலை அவரே ஊதினார். சனோபர் அத்தாவுக்குப் போன் போட்டு, பேச முடியாமல் சிரித்தே விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் சேக் தாவூது அழுதுகொண்டே சிரித்தார்.

தேர்வாளரின் கார் கிளம்பியதும் சனோபர் நேராகப் பிகாஷிடம் போனாள். ஆயிரம் இருந்தாலும் அவளைக் காப்பாற்றிய காதுகள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதிலிருந்தும் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ரொம்ப நன்றிங்கண்ணா," என்று காற்றுக் குரலில் சொன்னாள். "மிஷின் சத்தம் அவ்வளவு தொந்தரவுங்களா?"

"மிஷினுக்கு எதுக்குங்க மேடம் துணி?" என்று பிகாஷ் இரண்டு கையிலும் இருந்த துணிகளை நீட்டிக் காட்டினார். "இந்தக் காதுத் துணி வேலைக்குச் சேந்த அன்னிக்கே ரங்காத்தாக்காவுக்காக வெச்சதுங்க, இந்தக் காதுத் துணிதான் இந்த வாரம் உங்களுக்காகப் புதுசா வெச்சதுங்க."