‘வரலைன்னா’ சாரும் கோயில் இட்லியும்

காஞ்சிபுரத்தில் ‘வரலைன்னா’ சாரைப் போல ஊர் நிம்மதியைக் கெடுத்த மனிதர் முன்னாலும் பிறக்கவில்லை, இனிமேலும் பிறக்கப்போவதில்லை. ஓட்டலில் இட்லி சொன்ன கையோடு, “சாம்பார் வரலைன்னா?” என்பார். எங்கள் முதலாளி வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய், “மாப்பிள்ளை வரலைன்னா?” என்று பெண்ணின் அம்மாவிடமே கேட்டார். அன்றைக்கு அவர் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை.

இவரிடம்தான் நான் மாட்டினேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில், புடவை டிசைன் போடும் கடைகளுக்கு லினக்ஸ் கம்ப்யூட்டர் தயார் செய்துகொண்டிருந்தோம். பிரிண்டர், ஸ்கேனர் என்று ஒவ்வொன்றுக்கும் அதை இயக்க ஒரு டிரைவர் ஃபைல். இடம் போதாமல் அவற்றைச் சுருக்கி வைத்திருப்போம். மெஷின் எழும்போது பிரித்து, லினக்ஸின் மையமான கெர்னலிடம் கொடுப்பது என் புரோகிராமின் வேலை. எங்களில் சீனியரான சார் அதைப் படித்துச் சரி என்றால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“ஃபைல் பேரு கடைசியில ஜி.இஸட்.னு இருந்தா, சுருக்குன ஃபைலுன்னு நம்பிடுவியாபா?” என்றார். பின்னே, நம்பாமல்? என்றேன். உடனே போய், கோயில் இட்லி செய்முறையை டைப் அடித்து, அதற்கு அந்தப் பெயரை வைத்து ஓடவிட்டார். என் புரோகிராம் சுக்கையும் மிளகையும் பிரிக்கப் பார்த்து, முடியாமல், மெஷினோடு சேர்ந்து உறைந்துபோனது.

அதைச் சரி செய்தேன். அடுத்து, நல்ல ஃபைல் ஒன்றைப் பாதியில் வெட்டிக்கொண்டு வந்தார்.

“மீதி வரலைன்னா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீதி ஏன் சார் வராது என்று கத்தினேன். கரண்ட் போகாதா என்றார் நிதானமாக. மனசுக்குள் திட்டிக்கொண்டே அதற்கும் எழுதினேன். அப்போதும் சரி என்று வாயைத் திறக்கவில்லை.

பொறுமையிழந்த முதலாளி, சார் சரி சொல்லுமுன்பே எங்கள் இருவரையும் மெஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு பட்டுக்கடைக்குப் போனார். ஸ்கேனரின் பழைய ஃபைலுக்குப் பதில் புது ஃபைலைக் காப்பி செய்துகொண்டிருக்கும்போது பொட்டென்று கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் மெஷின் எழுந்து, ஃபைல் முழுசாக இல்லை, பழையதையே வைத்துக்கொள்கிறேன் என்று மரியாதையாக எழுதிக் காட்டிவிட்டு ஓட ஆரம்பித்தது. கடைக்காரர் அசந்துபோய், இது யார் யோசனை என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் சார் என் பக்கம் கையைக் காட்டினார்.

“எல்லாம் இவரு யோசனைங்க. நான் சும்மா படிச்சிக்கினு இருந்தேன்.”

முதலாளி அங்கேயே என் வேலையை நிரந்தரமாக்கினார். அந்த மனுஷர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் எனக்காக.