வயிற்றுக்கு வந்த பதவி உயர்வு

ஓர் அலுவலகத்தின் கண்ணியம் அதன் ஊழியர்களின் வயிற்றில் இருக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. என் வீட்டுக்காரர் ஒல்லிக்குச்சியாய் இருந்தவரை, வாசலோரம் காலாடும் மேசையில் உட்கார்ந்து மனு வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் வயிறு முன்னால் கிளம்பியது. அதன் பின்னாலேயே மரியாதையும் வந்தது. காவலாளி சல்யூட் அடித்தார். மேலாளர் தம் அறையிலேயே, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

"உன் கைமணம்தான்" என்று அக்கம்பக்கம் என்னைப் பாராட்டியது. மனுஷன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதே இல்லை என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? குனிந்து எங்கள் மகளைத் தூக்கவும் முடியவில்லை. நடை பழகும் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கும். இவர் வயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பார்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஊதினால் பறந்துவிடுவார் போலிருந்தார். ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தொப்பை இல்லம்மா, நிணநீர்க் கட்டி. குடலைத் தாங்குற சவ்வுல, திராட்சைக் கொத்து மாதிரி நீர்ப்பைங்க. ரொம்ப அபூர்வம். புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க."

"ஊசியால உறிஞ்சிட்டா போயிடுமா?"

"திரும்ப நிறைஞ்சிடும். முழுசா எடுத்துடணும்."

லீவு கேட்க நானே அலுவலகம் போனேன்.

"ஆபத்தில்லாத கட்டிதானேம்மா, எதுக்கு எடுக்கணும்?" என்றார் மேலாளர்.

"சாப்பிட முடியல சார். பிள்ளையைத் தூக்க முடியல."

"பிள்ளையைத் தூக்குறது அலுவலகப் பணியில வராதே. ஜனங்க அந்த வயித்தைப் பார்த்துத்தான் வரிசையில அடங்கி நிக்கிறாங்க."

"அது வெடிச்சிட்டா?"

மேலாளர் யோசித்தார். "அலுவலக நேரத்திலயா?"

"அது நேரமா பார்க்கும்? உங்களுக்கு எதிர்லதானே சார் உட்கார்ந்திருக்கார்."

லீவு கையோடு கிடைத்தது.

ஆபரேஷனில் கட்டி முழுசாக வெளியே வந்தது. பரிசோதனையிலும் சாது என்றே முடிவு. இவருக்குச் சோறு இறங்கியது.

வேலைக்குத் திரும்பிய அன்று, "யாருப்பா நீ, வரிசையில நில்லு" என்றார் காவலாளி. உள்ளே போனால் வரிசையே இல்லை; ஜனங்கள் மேசை மேல் ஏறி நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொதுநலன் கருதி முந்தைய நிலையை உடனே மீட்டெடுக்கும்படி மேலாளர் உத்தரவிட்டார்.

நான் என்ன செய்வேன்? இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா வைத்து ஒரு தலையணை தைத்தேன். மறுநாளே சல்யூட் திரும்பியது. மேலாளரும் ஒன்று கேட்டனுப்பினார். அவருக்குச் சொந்த வயிறே உண்டு. ஆனாலும் கீழே இருப்பவரைவிடச் சின்னதாய் இருக்கக் கூடாதாம்.

மறுபரிசோதனையில் டாக்டர் இவர் வயிற்றைத் தொட்டுப் பதறிப்போனார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்கும் ஒண்ணு தைச்சுத் தாங்கம்மா. வர்றவங்க எல்லாம் என்கிட்டயே பெரிய டாக்டர் எப்ப வருவார்னு கேக்குறாங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இவர் தலையணையை அவிழ்த்து நாற்காலியில் வைத்தார். நன்றாகக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி மகளைக் கூப்பிட்டார். அவள் தத்தித் தத்தி வந்தாள். அவரைத் தாண்டிப்போய்த் தலையணையைக் கட்டிக்கொண்டு, முதன்முதலாக வாய் திறந்து, "அப்பா" என்றாள்.