மூணெல்லாம் ஜோக்கர்

"சார், மறுபடியும் அஞ்சு சீட்டையுமா மாத்தறீங்க?" என்றான் டெல்மர்.

"ஆமாம்ப்பா, ஒண்ணும் தேறல," என்றார் ஹால்வர்சன், சீட்டுகளைக் கவிழ்த்துத் தள்ளியபடி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெல்மர் வீட்டுச் சமையலறை மேசையில் போக்கர் நடக்கும். டெல்மர், அவன் மனைவி லோர்னா, எதிர்வீட்டு ஓட்டோ. பந்தயத்துக்குச் சட்டைப் பொத்தான்கள். இந்த வாரம் சீஸ் ஆலை மேனேஜர் ஹால்வர்சன், "நானும் வரலாமா?" என்று தானாகவே கேட்டு வந்துவிட்டார்.

பகல் ஷிப்ட் சூப்பர்வைசர் இடம் காலியாயிருந்தது. மனிதரை ஜெயிக்கவைத்து, சிரித்த முகமாக அனுப்பிவிட்டால் அந்த இடம் தனக்குத்தான் என்று நினைத்தான் டெல்மர். அவரோ விடாமல் தோற்றுக்கொண்டிருந்தார். சீட்டே பிடிக்கத் தெரியாத ஆள்போலிருக்கிறது.

"அடுத்த ஆட்டத்துக்குப் புது விதி," என்றான் டெல்மர். "மூணெல்லாம் ஜோக்கர்."

அவன் கையிலேயே மூன்றாம் எண் சீட்டு இரண்டு வந்தது. பதறிப்போய் அவற்றைக் கழித்தான். பதிலுக்குக் கட்டில் மிச்சமிருந்த மற்ற இரண்டு மூன்றாம் எண் சீட்டுகளும் வந்து உட்கார்ந்தன. பொத்தான்கள் மொத்தமும் அவன் பக்கம் நகர்ந்தன.

"பக்கவாட்டுல பார்க்கிற ஒத்தக்கண்ணு ஜாக்கியும் ஜோக்கர்!" என்றான் அடுத்து.

அதிலும் அவனே ஜெயித்தான்.

"சரி, யார் கையில ராணி இருக்கோ, அவங்களுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஏழும் ஜோக்கர்."

"எந்தப் பக்கம்டா?" என்றான் ஓட்டோ.

"சார் இருக்கிற பக்கம்."

"நீ என்ன, ஆடுறியா, சட்டசபை நடத்துறியா?"

"வீட்டு ஆட்டம்னா அப்படித்தான்டா. சும்மா ஆடு."

லோர்னா மேசைக்கடியில் கணவன் காலை மிதித்தாள். "என்னங்க, விருந்தாளிய வெச்சுக்கிட்டு நீங்களே அள்ளுறீங்களே, வெக்கமா இல்ல?"

"நான் என்னடி பண்ணட்டும்? அதுவா வருது!"

ஹால்வர்சனுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். டெல்மருக்கு வழி பிறந்தது.

"கடைசி விதி. ஆட்டத்துக்கு நடுவுல யார் தும்மினாலும், அவங்க கையில இருக்கிற அஞ்சு சீட்டும் ஜோக்கர்!"

ஹால்வர்சனுக்குத் தும்மல் வந்தது. மூக்கு விடைத்தது, கண் கலங்கியது. சட்டென்று இரண்டு விரலால் மூக்கை இறுக்கிக்கொண்டார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்ததே தவிர, தும்மல் வெளியே வரவில்லை.

"தும்முங்க சார், கூச்சப்படாதீங்க!" என்று கெஞ்சினான் டெல்மர்.

"வேண்டாம்ப்பா. மரியாதையில்ல."

அந்த நேரம் பார்த்து லோர்னா எழுந்துபோய் அடுப்பிலிருந்த சூப்பில் மிளகுத்தூளைத் தூவினாள். டெல்மர் தும்மினான், வீடே அதிர.

கடைசிப் பொத்தானும் அவனுக்கே. சீட்டுகளை வாரிக் கலைக்கப்போன ஓட்டோ நின்றான். "யாருடா இது, மூணு ஜோக்கரத் தூக்கிப் போட்டிருக்கிறது?"

ஹால்வர்சன் கூரையைப் பார்த்தார். "இத்தனை விதி யாருக்கு ஞாபகம் இருக்கு?"

பகல் ஷிப்ட் கைநழுவிப் போனதை நினைத்து டெல்மர் தலையைப் பிடித்துக்கொண்டான். அழைப்பு மணி அடித்தது. ஹால்வர்சனைக் கூட்டிப்போக வந்த அவர் மனைவி மில்ட்ரெட், டெல்மர் முன்னால் குவிந்திருந்த பொத்தான்களைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"பரவாயில்லையே, சொன்னபடியே தோத்து அவர் மனசைக் குளிர வெச்சுட்டீங்களே! இனிமே தைரியமா சொல்லிடுங்க, வடக்கே பனிக்காட்டு ஆலைக்கு அவரை மாத்தின விஷயத்தை."