சவரிமுத்து அங்கிள் வீட்டுக் கல்யாணமும் கூரையில்லாத கோயிலும்

கிள்ளான் பட்டறை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய விஜயன் மாமா அவர்களுக்கு,

மருமகன் யுகேந்திரன் பணிவோடு எழுதுவது. இங்கே அமுதவள்ளி அத்தை நலம், நம் மேடை அலங்காரப் பட்டறை நலம், லோரியும் நலம். நான் நலமா என்பது தாங்கள் இதைப் படித்து முடித்த பிறகுதான் தெரியும். சென்னையில் மேடைத் துணியும் குத்துவிளக்கும் நல்லபடியாக வாங்கிவிட்டீர்கள் என்று அத்தை சொன்னார். மகிழ்ச்சி. போனில் பேசினால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால், இதை எழுதி உங்கள் மேசையில் ஸ்டேப்ளருக்கு அடியில் வைக்கிறேன். சனிக்கிழமை சவரிமுத்து அங்கிள் மகளின் கல்யாண விருந்தில் நடந்ததை வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

முதலில், தாங்கள் எழுதிக் கொடுத்த ஆர்டர் பேப்பர். "மலாக்கா குன்று மேல் இருக்கிற பழைய போர்ச்சுகீசு கோயில். சவரிமுத்து அங்கிள் யார் பேரை வைத்திருக்கிறாரோ அந்தப் புனித சவேரியாரைக் கொஞ்ச காலம் அடக்கம் பண்ணியிருந்த இடம். மேடை அதே மாதிரி. அளவு ஒரு இஞ்ச் மாறக்கூடாது." இதுதான் தங்கள் கட்டளை. பாலிடெக்னிக்கை இரண்டாவது செமஸ்டரில் விட்டவன், செலாயாங் பாசாரில் காய்கறி இறக்கும் வேலையை இரண்டாவது வாரத்தில் விட்டவன் என்று என்னைப் பற்றி எல்லோரும் பேசுவது எனக்கும் தெரியும். "இதையும் பாதியில விட்டேன்னா பட்டறைப் பக்கமே வராத" என்று தாங்களும் ஏர்போர்ட்டில் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினீர்கள். அதனால் இந்த ஒரு வேலையை முழுசாகச் செய்வது என்று முடிவு பண்ணினேன்.

நானும் லோரி ஓட்டுற ஜாவித் அண்ணனும் மலாக்கா போனோம். குன்று ஏறி மேல போனா, மாமா, கோயிலுக்குக் கூரையே இல்ல! நாலு சுவர் மட்டும் நிக்குது. ஓட்டை ஓட்டையா செம்பூரான் கல்லு, அம்மாடி எவ்வளவு தடிமன், வளைவு வளைவா ஜன்னல், ஒண்ணுக்கும் கதவு கிடையாது. ஜாவித் அண்ணன் அண்ணாந்து பாத்துட்டு, "டேய் யுகா, ஆர்டர் குடுத்தவங்க இத நேர்ல பாத்தாங்களா லா?"ன்னாரு. "பாஸ் எழுதிட்டாருண்ணே, ஒரு இஞ்ச் மாறக்கூடாது"ன்னு சொல்லிட்டு டேப்ப எடுத்தேன்.

அங்க இருந்த பலகை ஒண்ணு விடாம படிச்சேன் மாமா. 1521-ல ஒரு போர்ச்சுகீசு கப்பல் தலைவன், கடல்ல உயிர் பொழச்ச நன்றிக்கு மாதாவுக்குக் கட்டின சின்னக் கோயிலாம். அப்புறம் இயேசு சபைச் சாமியாருங்க கைக்கு வந்து, மாடி வச்சு, கோபுரம் வச்சுப் பெருசாச்சு. அப்புறம் டச்சுக்காரன் வந்து பேர மாத்தி நூறு வருசம் கும்பிட்டான், அடிவாரத்துல புதுக் கோயில் கட்டினதும் இத இடுகாடாக்கிட்டான். கடைசியா வெள்ளக்காரன் வந்து உள்ள வெடிமருந்த அடுக்கி வச்சான். ஒரு கோயிலுக்கு இத்தன முதலாளியா? நான்கூட இத்தன எடம் மாறினதில்ல. உள்ள சுவத்துல ஆள் உசரத்துக்கு மேல டச்சுக் கல்லறைக் கல்லு சாய்ச்சு வச்சிருக்கு, ஒண்ணுல கப்பல், ஒண்ணுல மண்டை ஓடு. அளந்தேன். சவேரியார் உடம்பக் கோவாவுக்குக் கொண்டுபோற வரைக்கும் வச்சிருந்த குழி, மேல கம்பி வலை. அளந்தேன். வெளிய அவரோட சொரூபத்துக்கு வலது கை இல்ல, வச்ச மறுநாளே சவுக்கு மரம் விழுந்து போச்சாம். கையில்லாத எடத்தயும் அளந்தேன். கோயில் முகப்ப மறைச்சுக்கிட்டு வெள்ளக்காரன் கட்டின ஒரு வெளக்குக் கோபுரம். அதையும் விடல.

எட்டு நாள் தூங்கல மாமா. போலிஸ்டைரின் நுரைப் பலகைல செதுக்கி, செம்பூரான் கலர் அடிச்சு, பாசிகூட ஸ்பிரே பண்ணி, சனிக்கிழமை மத்தியானம் ஹால்ல நிறுத்திட்டோம். மூணு மணிக்கு சவரிமுத்து அங்கிள் வந்தாரு. வாசல்லயே நின்னுட்டாரு.

"தம்பி, என்னடா இது? எம் பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணமா, அடக்கமா?"

"மலாக்கா கோயில் அங்கிள். ஒரு இஞ்ச் மாறல."

"கூரை எங்கடா?"

"அங்கயே இல்ல அங்கிள். நீங்க பாத்ததில்லயா?"

"எங்கப்பா பாத்திருக்காரு!"ன்னு கத்தினாரு. மனுசன் வாழ்க்கைல அந்தக் குன்று ஏறினதே இல்லயாம் மாமா! "சரி, மேடைக்கு முன்னாடி அந்தத் தூண் எதுக்கு?"ன்னாரு. லைட்ஹவுஸ் அங்கிள்னேன். "யாருக்குடா வழி காட்டுது? பிரியாணிக்கா?"

அதுக்குள்ள பொண்ணு ரெஜினா பாதி மேக்கப்போட ஓடி வந்துச்சு. மண்டை ஓட்டப் பாத்து, "அப்பா! எனக்கும் பிரவினுக்கும் நடுவுல நிக்கறது யாரு?"ன்னு ஒரே அலறல். வேற வழி தெரியாம நான் அங்கிள் கையப் புடிச்சு மேடை நடுவுக்கு இழுத்துட்டுப் போயி, "அங்கிள், இந்தக் கம்பி வலைக்குக் கீழ பாருங்க. சவேரியார் ஒன்பது மாசம் இங்கதான் இருந்தாரு"ன்னேன்.

மாமா, அவரு செருப்பக் கழட்டினாரு. மண்டி போட்டாரு. என்னோட பிளைவுட்டுக்கு முத்தம் குடுத்து அழுதாரு. எந்திரிச்சு, "இதுக்கு மேல எவனும் கால் வெக்கக்கூடாது"ன்னுட்டாரு. அந்தக் குழி இருந்தது சரியா மாப்பிள்ளையும் பொண்ணும் நிக்க வேண்டிய எடம்! ரெண்டு நாற்காலியையும் தூக்கிட்டுப் போயி பிரியாணிச் சட்டி பக்கத்துல போட்டோம். வந்த நானூறு பேரும் மேடைக்கு வரிசை கட்டிட்டாங்க, பொண்ணு மாப்பிள்ளையத் திரும்பிக்கூட பாக்கல. அவங்களுக்குக் கொண்டுவந்த மொய்க் கவர எல்லாம் குழியில போட்டுட்டுக் கும்பிட்டாங்க. ஒரு ஆன்டி மெழுகுவர்த்தி ஏத்தினாங்க. அலாமா! அத்தனையும் போலிஸ்டைரின்! ஜாவித் அண்ணன் ராத்திரி விருந்து முடியற வரைக்கும் தீயணைக்கிற டப்பாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "ஆன்டி, ஊதிடுங்க ஆன்டி"ன்னு கெஞ்சிட்டே நின்னாரு.

இப்ப நிலவரம் இதுதான். குழியையும் கையில்லாத சொரூபத்தையும் அங்கிள் நம்ம லோரியிலயே வீட்டுக்கு ஏத்திட்டுப் போயி கார் நிறுத்துற எடத்துல வச்சிட்டாரு. கார் ரோட்டுல நிக்குது. என்னைக் கட்டிப் புடிச்சு "நீ நல்லா இருப்படா"ன்னாரு. ஆனா ரெஜினா எங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசுச்சு: "உங்க பாஸ் வரட்டும்." அதோட கல்யாண போட்டோ எல்லாத்துலயும் பின்னாடி பிரியாணிச் சட்டிதான். வர்ற ஞாயித்துக்கிழமை ரெஜினா உங்களப் பாக்க வருது. என்னை வச்சிக்கிறதா அனுப்புறதான்னு அன்னிக்கு முடிவு பண்ணுவீங்கன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும் அதுகிட்ட சொல்லுங்க மாமா: பையன் எழுதிக் குடுத்தத அப்படியே செஞ்சான்னு. என் ஆயுசுல முதல் தடவையா ஒரு விசயத்த ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் படிச்சு, கடைசி வரைக்கும் செஞ்சிருக்கேன். எதையும் பாதியில விடல.

அத்தைக்கும் தங்களுக்கும் நீண்ட ஆயுளும், முக்கியமாகத் தங்களுக்கு நல்ல ரத்த அழுத்தமும் வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
யுகேந்திரன்

பி.கு.: ஆதாரத்துக்கு உங்க ஆர்டர் பேப்பரையும் இதோட ஸ்டேப்பிள் பண்ணலாம்னு இப்பதான் எடுத்தேன். பின்பக்கமும் எழுதியிருக்கீங்க. "கூரை, கதவு எல்லாம் வைத்து, அந்தக் காலத்தில் புதிதாக இருந்த மாதிரி. கல்லறை வேண்டாம். குழி வேண்டாம். முன்னால் எதுவும் மறைக்கக்கூடாது. சொரூபத்துக்கு இரண்டு கை." முன்பக்கத்துல கடைசி வார்த்தை "ஆனால்". அத நான் உங்க கையெழுத்துன்னு நெனச்சிட்டேன். ஜாவித் அண்ணன் லோரிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு, செலாயாங் பாசார்ல எறக்கி விடறேன்னாரு. மேல எழுதினத படிக்க வேணாம் மாமா.